எது கேட்டாலும் வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கார்டில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டில் கைச்செலவுக்குக் காசு எடுக்க எது மலிவு என்று இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எனக்கு வாய் வராது.

பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எண்ணெய் துடைக்கும் பழந்துணி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குறைவோ அதைச் சுழித்து, ஏன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. ஆபீஸில் எனக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பெயர். சின்னவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்வார். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

“பொண்ணு பாக்கவும் மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா?” என்று மனைவி கேட்பாள்.

“நாலாவதா ஒண்ணு வாங்கியிருக்கணும்” என்பேன். வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் ஒரே தங்கையின் கணவர் வெளிநாட்டில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, புகைதான் காரணம் என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி காப்பீடு அங்கேதான் செல்லும், அதனால் ஆபரேஷனும் அங்கேதான். மனைவி வந்து பார்த்துக்கொள்ள டிக்கெட்டும் கம்பெனியே கொடுத்தது.

செய்தி வந்த அன்று தங்கை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள், மடியில் ஒரு சட்டை, பொத்தான் தைத்துக்கொண்டே பேசினாள்.

“உயிர் தப்பினா போதும்ண்ணா, மத்தது எல்லாம் அப்புறம். ஆனா ஒண்ணே ஒண்ணு. பதினெட்டு வருஷமா அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘இந்தா’ம்பாரு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து அந்த ‘இந்தா’வ ஒரு தடவை கேட்டுடணும். போன்ல கேக்கறது வேற.”

“கேட்டுடலாம், நான் இருக்கேன்ல” என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலை ஆறரைக்கு விமானம் இறங்கும். விமான நிலையத்திலிருந்து ஒரு ரயில், நடுவில் மாறி இன்னொரு ரயில். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. மதியம் ஒரு மணிக்கு ஆபரேஷன். நான்கு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரலாம். அவரோடு அறையில் தங்கியிருக்கும் கிரேன்காரருக்கு அன்று ஷிஃப்ட், அழைத்துப்போக ஆள் வராது. டாக்ஸி பிடித்தால் ரயிலைப்போல் ஆறு மடங்கு. ரயிலில் போகட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன்.

அடுத்தது கைச்செலவுக் காசு. இங்கே என் மூளை சூடுபிடித்துவிட்டது. விமான நிலையத்துக் கவுண்ட்டரில் மாற்றினால் என்ன விலை, கடைத்தெருவில் பணம் மாற்றுகிறவரிடம் நோட்டாக வாங்கினால் என்ன விலை, அவளுடைய வங்கிக் கார்டையே அங்கே போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், முன்கூட்டியே காசு ஏற்றிக்கொண்டு போகும் பயணக் கார்டு என்றால் எவ்வளவு. மூன்று இல்லை, நான்கு கொட்டேஷன். பயணக் கார்டுதான் குறைவு. அதிலும் இரண்டு பொறி இருந்தது. சில ஏடிஎம் மெஷின் தனியாகக் கட்டணம் கேட்கும். அதற்குமேல், ‘உங்கள் ஊர்ப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா?’ என்று பாசமாகக் கேட்கும். சரி என்றால் அவன் வைத்த விலை, சுளையாகப் போய்விடும். இரண்டுக்கும் வேண்டாம் என்று அமுக்கத் தெரிந்தால் தப்பித்துவிடலாம்.

தங்கை பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நேரம் ஆகும். அவளை அங்கே திரையைப் படித்துக்கொண்டு நிற்க விடுவதைவிட மனப்பாடம் செய்யவைப்பது மேல் என்று தோன்றியது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை சாப்பாட்டு மேஜையில் ஒரு அட்டையை வைத்துத் திரை வரைந்தேன். இடது பக்கம் வேண்டாம், வலது பக்கம் சரி. நான்தான் மெஷின்.

“கட்டணம் உண்டு, பரவாயில்லையா?” என்றேன். அவள் இடது பக்கம் விரல் வைத்தாள். “உங்க ஊர்ப் பணத்துல கழிக்கட்டுமா?” மறுபடியும் இடது பக்கம். நாலாவது முறை கை தடுமாறி வலது பக்கம் போனது. மேஜையில் ஓங்கித் தட்டினேன். “போச்சு. இப்ப எவ்வளவு போச்சு தெரியுமா? எது கேட்டாலும் வேண்டாம். இதுகூட மண்டையில ஏறாதா?”

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, எல்லாத்துக்கும் வேண்டாம்னா அப்புறம் காசு எப்படி வரும்?”

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அன்று மாலை கேட்கப்பட்டதிலேயே புத்தியுள்ள கேள்வி அதுதான். நான் சொன்ன பதில் இது: “கட்டணம் கேக்காத மெஷினா இருந்தா தானா வரும். இல்லன்னா அடுத்த மெஷினுக்குப் போ. நான் சொன்னதை மட்டும் செய்.”

இன்னும் இரண்டு உத்தரவு போட்டேன். மெஷின் பக்கத்தில் உதவி செய்கிறேன் என்று எவன் வந்தாலும் நம்பாதே, கார்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகிப்போ. போனுக்கு ரோமிங் போடவில்லை, அது பகல் கொள்ளை, விமான நிலையத்தில் வைஃபை இலவசம், அதில் பேசு.

“அவசரத்துக்குக் கொஞ்சம் நோட்டா குடுங்களேன், புது ஊரு” என்றாள் மனைவி. தங்கையும், “கையில கொஞ்சம் காசா இருந்தா தைரியமா இருக்கும்ண்ணா” என்றாள்.

நோட்டாக வாங்கினால் எவ்வளவு கூட ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சின்னத் தொகைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு கூட ஆனது. “எதுக்கு அனாவசியமா” என்று சொல்லிவிட்டேன். அவளுடைய வங்கிக் கார்டையும், இரண்டு இருந்தால் குழம்பிவிடுவாள் என்று, நானே வாங்கி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் வழியனுப்பிவிட்டு வரும்போது மனைவி பஸ்ஸில் சொன்னாள்: “கடுகு போன இடத்தை ஆராய்வீங்க, பூசணிக்கா போன இடம் தெரியாது உங்களுக்கு.” நான் சிரித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சிரித்தேன்.

அடுத்த நாள் மதியம் இரண்டரை மணிக்கு நான் ஆபீஸில் இருந்தேன். பேரிங் விற்கிறவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடையது மூன்றாவது கொட்டேஷன், இன்னும் இரண்டு சதவீதம் இறக்கினால் ஆர்டர் அவருக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நீளமான நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் தங்கை கணவர். அங்கே அப்போது மணி பன்னிரண்டு.

“மச்சான், நான்தான். என் போனையும் சட்டையையும் வாங்கி வெச்சுட்டாங்க. நர்ஸ் போன்ல பேசறேன். அவ இன்னும் வரலையே.”

காற்றும் குரலும் பாதிப் பாதியாக வந்தது. ஆனால் அவர் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்பது மணிக்குச் சேர வேண்டியவள் பன்னிரண்டு வரை சேரவில்லை. கார்டில் காசு எடுத்தால் என் போனுக்குச் செய்தி வரும், என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். காலையிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. காசு எடுக்காதவள் எந்தக் காசில் ரயில் ஏறியிருப்பாள்? ஒரு சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நான் காலையிலிருந்து மூன்று முறை போனைப் பார்த்து, ‘பரவாயில்லையே, இன்னும் கை வைக்கவே இல்லை’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“பிளைட்டு லேட்டா இருக்கும் மாப்பிள்ளை, இல்ல ரயில் மாறி ஏறியிருப்பா, வந்துடுவா” என்றேன்.

“கையில காசு இருக்கா அவகிட்ட?”

போதாதா எனக்கு? பிடித்துக்கொண்டேன். கார்டைப் பற்றி ஆரம்பித்தேன். நான்கு வழியையும் ஒப்பிட்டது, கவுண்ட்டர்காரன் எவ்வளவு அடிக்கிறான், மெஷின் எப்படி ஏமாற்றும், அதற்கு நான் எப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறேன், எல்லாம். எதிரே இருந்த பேரிங்காரர்கூடத் தலையாட்டிக் கேட்டார். அது வேறு எனக்கு உற்சாகம். ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும் மனிதர் மறுமுனையில் பொறுமையாக ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மூச்சு வாங்கியது.

நான் நிறுத்தியதும் சொன்னார்: “சரி மச்சான். ஒருவேளை அவ வர லேட்டானா, அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கேட்டுக்கிட்டு…”

“அதெல்லாம் நேர்லயே சொல்லிக்குங்க மாப்பிள்ளை. இதோ வந்துடுவா. பாவம், அடுத்தவங்க போன்ல வெளிநாட்டு கால் போட்டா பில் எங்கேயோ போயிடும். வைங்க, வைங்க.”

நானே அணைத்தேன். பேரிங்காரர் இரண்டு சதவீதம் இறக்கினார்.

மாலை ஆறரைக்கு முதல் செய்தி வந்தது. காசு எடுத்திருக்கிறாள். கீழே, மெஷின் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. இத்தனை படித்துப் படித்துச் சொல்லியும் கட்டண மெஷினில் போய்க் கையை வைத்திருக்கிறாளே என்று கிரேன்காரர் நம்பருக்கு அழைத்தேன். தங்கைதான் பேசினாள். நான் திட்ட வாயெடுப்பதற்குள்,

“அவரை உள்ள கொண்டு போயிட்டாங்கண்ணா. நான் வர்றப்ப மூணு மணி. ரயில் லேட்டாயிடுச்சு” என்றாள்.

“பேசலையா?”

“இல்லண்ணா. ரயில் லேட்டு.” இரண்டாவது முறையும் ரயிலையே சொன்னாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிரேன்காரர் தாழ்ந்த குரலில் பேசினார். “சார், ரயில் எல்லாம் லேட்டு இல்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. காலையில இருந்து ஏர்போர்ட்லயே இருந்திருக்காங்க சார்.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் விடவில்லை. அந்த விமான நிலையத்தில் ஐந்து மெஷின் இருந்தது. ஐந்தும் கட்டணம் கேட்கும் மெஷின். ஐந்திலும் வேண்டாம் என்று அமுக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றும் கார்டைத் திருப்பித் தந்துவிட்டது. முதலிலிருந்து மறுபடியும் ஒரு சுற்று. காவல்காரர் ஒருவர் உதவ வந்தார், கார்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகிப்போய்விட்டாள். ரயில் டிக்கெட் மெஷினும் எந்தப் பணத்தில் கழிக்கட்டும் என்று கேட்டிருக்கிறது, அதற்கும் வேண்டாம். இலவச வைஃபையில் நுழைய ஒரு எண் அனுப்புவார்களாம், அது போனுக்கு வரவேண்டும், ரோமிங் இல்லாத போனுக்கு எங்கிருந்து வரும்? நடந்தே போய்விடலாமா என்று வெளியே வந்து பார்த்திருக்கிறாள், ஆறு வழிச் சாலை. திரும்பி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தரை துடைக்கிற ஒரு பெண், வேறு பாஷைக்காரி, மூன்று முறை அந்த வழியாகப் போய்வந்து இவள் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஆஸ்பத்திரி விலாசத்தை வாங்கிப் படித்து, தன் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

“இப்பதான் சார் நான் மெஷினுக்குக் கூட்டிட்டுப் போனேன். கட்டணத்துக்குச் சரின்னு அமுக்கச் சொன்னேன். மாட்டேன்னாங்க. ‘அண்ணன் திட்டுவாரு’ன்னாங்க. நான்தான் அமுக்கினேன். உடனே காசு வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டுதான் சார் அழ ஆரம்பிச்சாங்க.”

அந்தக் கட்டணம் எவ்வளவு என்று என் போனிலேயே இருந்தது. ஒரு டீக்காசு. அதற்குச் சரி என்று ஒரே ஒரு முறை அமுக்கியிருந்தால் ஒன்பதுக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள்.

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு கொட்டேஷன் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. ஆபீஸில் யாராவது ‘மூணு கொட்டேஷன்’ என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

நர்ஸ் போனில் பேசியதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் விஷயத்திலாவது, தெரியாமல் செய்தேன், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று மனசுக்குள் வாதாட ஒரு இடுக்கு இருந்தது. போன் விஷயத்தில் அதுவும் இல்லை. பேச ஒரு மணி நேரம் மட்டுமே மிச்சமிருந்த மனிதர் ஒன்று சொல்லணும் என்றார், நான் பில் ஏறும் என்றேன். யார் பில்? என் பில்கூட இல்லை.

ஆறு வாரம் கழித்து இருவரும் ஊர் திரும்பினார்கள். பார்க்கப் போனேன். மாப்பிள்ளை எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கழுத்தில் துணிக்கட்டு, அதன் நடுவே மூச்சுவிட ஒரு துளை. பாதி உடம்பாகியிருந்தார், கண் மட்டும் அதே கண். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ‘மச்சான் இளைச்சுட்டீங்க’ என்று எழுதிக் காட்டினார். அவர் என்னைத் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய் உள்ளே படுக்கப் போனார்.

தங்கை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வெட்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பயணக் கார்டை என் முன்னால் வைத்தாள். “இதுல கொஞ்சம் மிச்சம் இருக்குண்ணா” என்றாள். கோபமோ குத்தலோ ஒன்றும் இல்லை.

பிறகு கேட்டாள்: “ஆபரேஷனுக்கு முன்னாடி அவரு உன்கிட்ட பேசினாராமே.”

“ம்.”

“என்ன பேசினீங்கன்னு கேட்டா, ‘நீ வந்துட்டியான்னு கேட்டேன், வேற ஒண்ணும் இல்ல’ன்னு எழுதறாரு. அவ்வளவுதானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி போட்டுக் கொடுத்திருந்தார், நான் நடந்தால் போதும். மலிவான வழி அதுதான். வாய்வரை வந்த ஆமாமை விழுங்கினேன்.

“இல்லம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கேட்டுக்குங்கன்னாரு. நான் கேக்கல. நேர்ல சொல்லிக்குங்கன்னு சொல்லி நானே வெச்சுட்டேன்.”

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“எவ்வளவு நேரம் பேசினீங்க?”

இந்த மாதிரி விவரம் எனக்கு மறக்காது, அது என் சாபம். “நாலு நிமிஷம் பத்து செகண்டு.”

“அதுல அவரு பேசினது?”

“அரை நிமிஷம்கூட இருக்காது.”

“மிச்ச நேரம்?”

“கார்டு எவ்வளவு லாபம்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. என்னைச் செருப்பால் அடித்தால்கூட நியாயம் என்று தோன்றியது. அவள் எழுந்தாள். உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த அரை நிமிஷத்தைச் சொல்லுண்ணா. ஒரு வார்த்தை விடாம. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே.”

சொன்னேன். நான்தான், அவ இன்னும் வரலையே, கையில காசு இருக்கா அவகிட்ட, சரி மச்சான், அவகிட்ட ஒண்ணு சொல்லணும். எங்கே மூச்சு வாங்கினார், எங்கே காற்று மட்டும் வந்தது என்பதையும் முடிந்த மட்டும் அதேபோல் சொல்லிப் பார்த்தேன். என் தொண்டைக்கு அது வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.